தலையணைக்கு அடியில் வைரம்: லிஸி யூஸ்டஸ் வாசகரின் பரிவை இழந்த விதம்

ஸ்காட்லாந்திலிருந்து லண்டனுக்குத் திரும்பும் ஒரு கூட்டம் வழியில் கார்லைல் ஊரில் இரவு தங்குகிறது. கூட்டத்தில் லிஸி யூஸ்டஸ் என்ற இளம் விதவை இருக்கிறாள். அவளோடு ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் பத்தாயிரம் பவுண்ட் மதிப்புள்ள வைர அட்டிகை இருப்பது வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். அத்தனை ஆர்ப்பாட்டத்தோடு அந்தப் பெட்டி ஏறி இறங்குகிறது. விடிவதற்குள் யாரோ கதவைத் தொழில் தெரிந்த கையால் அறுத்துத் திறந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். விடுதியே கூடி நின்று அவளுக்கு ஆறுதல் சொல்கிறது. அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அட்டிகை பெட்டியில் இல்லை. அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

ஆன்டனி ட்ரோலப் எழுதிய ‘தி யூஸ்டஸ் டயமண்ட்ஸ்’ நாவலின் நடுப்பகுதி இது. 1871 ஜூலையில் ‘ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ’ இதழில் தொடங்கி 1873 பிப்ரவரி வரை தொடராக வந்த நாவல். விக்டோரியா கால நாவல்களில் பொய் சொல்லும் பெண்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் கொலைக்குத் துணிந்தவர்கள் உண்டு. முதல் கணவன் உயிரோடு இருக்கும்போதே இன்னொருவனை மணந்தவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்காக வாசகர் மனம் இளகியும் இருக்கிறது. லிஸி யாரையும் கொல்லவில்லை, கொல்ல நினைக்கவும் இல்லை. ஆனாலும் 80 அத்தியாயங்கள் முடியும்போது அவளுக்காக வருந்த ஆளில்லை. பொய் சொன்னாள், அதனால் வெறுத்தோம் என்பது எளிய பதில். அது போதாது. பொய்யைவிட வேறு ஏதோ ஒன்றுதான் அவளிடமிருந்து நம்மை விலக்குகிறது.

கார்லைல் இரவைப் பற்றி ட்ரோலப் தன் சுயசரிதையில் வேடிக்கையான ஒரு செய்தியைச் சொல்கிறார். நாயகியை அந்த விடுதியில் படுக்கவைக்கும்வரை திருடர்களை அனுப்பும் யோசனையே அவருக்கு இல்லையாம். திருடர்கள் ஏமாந்துபோவார்கள் என்பதும், கதவு உடைந்த செய்தியோடு காலையில் அவளை எழுப்பிய பிறகுதான் தோன்றியதாம். வில்கி காலின்ஸாக இருந்தால் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பார் என்று கொஞ்சம் பொறாமையோடும் கொஞ்சம் பெருமையோடும் எழுதுகிறார். 1868இல் வெளிவந்த காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’ நாவலில், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளைபோன வைரம் ஒன்று இங்கிலாந்துக்கு வந்து காணாமல் போகிறது. யார் எடுத்தது என்பது கடைசிவரை பூட்டிவைத்த ரகசியம். ட்ரோலப்பிடம் பூட்டு கிடையாது. அட்டிகை எங்கே இருக்கிறது என்பதை வாசகருக்கு உடனே சொல்லிவிடுகிறார்.

கதாசிரியரைப் போலவே கதாநாயகியும் அன்றிரவு எதையும் திட்டமிட்டிருக்கவில்லை. வைரங்களை வெளியே எடுத்துத் தலைமாட்டில் வைத்தது பயத்தால். பெட்டி போய்விட்டதே என்று மற்றவர்கள் பதறும்போது வைரங்கள் என்னிடம்தான் இருக்கின்றன என்று சொல்ல அவளுக்குச் சில நிமிடங்கள் இருந்தன. அந்த நிமிடங்களில் அவள் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். சுற்றியிருப்பவர்கள் அவளுக்காக முடிவெடுத்துவிடுகிறார்கள். அவளிடம் யாரும் நேராகக் கேட்கவும் இல்லை. பிறகு மாஜிஸ்ட்ரேட் வருகிறார். மௌனமாகத் தொடங்கியது சத்தியப் பிரமாணத்தில் முடிகிறது. வாய்தவறிய ஒரு மௌனம் குற்றமாக முற்றுவதை இவ்வளவு அருகிலிருந்து காட்டிய பக்கங்கள் ஆங்கில நாவலில் அதிகமில்லை. இந்த இடத்தில் மட்டும் லிஸியோடு சேர்ந்து நமக்கும் நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்பு ஏன் நீடிக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அவள் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

லிஸி, அட்மிரல் கிரேஸ்டாக்கின் மகள். அப்பா கடனை வைத்துவிட்டுச் செத்துப்போகிறார். கடுகடுப்பான அத்தை ஒருத்தியின் வீட்டில் ஒதுங்க வேண்டிய நிலை. பெரிய இடத்தில் கல்யாணம் நிச்சயமாகப் போகிறது என்ற நம்பிக்கையைக் காட்டியே நகை வியாபாரிகளிடம் கடன் பெறுகிறாள். சர் ஃப்ளோரியன் யூஸ்டஸ் பணக்காரர், காசநோயாளி. அவரை மணக்கிறாள். தான் யாரை மணந்தோம் என்பது அவருக்கு விளங்கியபோது அவரிடம் அதிக நாட்கள் மிச்சமில்லை. ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். லிஸிக்கு ஆண் குழந்தை பிறக்கிறது. ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரில் போர்ட்ரே கோட்டை வாழ்நாள் அனுபோகத்துக்குக் கிடைக்கிறது. ஆண்டுக்கு நாலாயிரம் பவுண்ட் வருமானமும் வருகிறது. கூடவே அந்த அட்டிகை.

குடும்ப வக்கீல் கேம்பர்டவுன் அட்டிகையைத் திருப்பிக் கேட்கிறார். அது பரம்பரைச் சொத்து என்பது அவர் கட்சி. கணவர் எனக்கே எனக்கென்று கொடுத்தார் என்பது லிஸியின் கட்சி. அவள் சொல்வது பொய் என்று கதைசொல்லி நம்மிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். ஆனால் சட்டம் அவ்வளவு தெளிவாக இல்லை. டவ் என்ற சட்ட நிபுணரிடம் கேம்பர்டவுன் கருத்துக் கேட்கிறார். பரம்பரைச் சொத்தாக ஒரு சட்டியோ பானையோகூட இருக்கலாம், உருமாற்றி உருமாற்றிக் கட்டப்படும் அட்டிகை இருக்க முடியாது என்று பதில் வருகிறது. கேம்பர்டவுனுக்கு இடி விழுந்தது போலாகிறது. நாவலில் உள்ள இந்தக் கருத்துரையை ட்ரோலப் தன் நண்பரான சார்லஸ் மெரிவெதர் என்ற உண்மையான வழக்கறிஞரிடம் எழுதி வாங்கினார். முந்தைய நாவல் ஒன்றில் சட்டம் தப்பு என்று வாங்கிய சூடு அவருக்கு மறக்கவில்லை.

நாவல் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். மணமான பெண்ணின் சொத்து கணவனுடையதாகிவிடும் என்பதுதான் அதுவரை இங்கிலாந்தின் பொதுச் சட்டம். 1870இல் வந்த சட்டம் முக்கியமாக அவள் உழைத்துச் சம்பாதித்ததை அவளிடம் விட்டுவைத்தது. முழு உரிமைக்கு 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண், ஆண்கள் அணிவித்துப் பார்க்கும் ஒரு நகையை இது என்னுடையது என்று பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். யோசித்துப் பார்த்தால் இது பரிவுக்குரிய கதை. வழக்கறிஞர் வைத்துப் பொறுமையாக வழக்காடியிருந்தால் அட்டிகையின் ஒரு பகுதி மதிப்பாவது அவளுக்குக் கிடைத்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவள் அதைச் செய்வதில்லை. தன் கட்சியில் இருக்கும் நியாயம் அவளுக்கே தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆர்வமும் இல்லை. போர்ட்ரே தனக்கு வாழ்நாளுக்கு மட்டுமா, முழு உரிமையா என்பதைக்கூடச் சரியாகக் கேட்டு அறியாதவள். உண்மை தன் பக்கம் இருக்கும்போதும் பொய்யைத்தான் எடுக்கிறாள்.

இங்கே பெக்கி ஷார்ப்பைக் கொண்டுவராமல் முடியாது. ட்ரோலப்பே கொண்டுவருகிறார். நாவல் தொடங்கிய சில பக்கங்களிலேயே, செல்வச் செழிப்புள்ள இந்தப் பெக்கி ஷார்ப்தான் கதாநாயகி என்று எண்ணிவிட வேண்டாம் என்று வாசகரைக் கேட்டுக்கொள்கிறார். தாக்கரேயின் ‘வேனிட்டி ஃபேர்’ 1847 ஜனவரி முதல் 1848 ஜூலை வரை மாதப் பகுதிகளாக வந்தது. பெக்கி ஓவியனுக்கும் ஆட்டக்காரிக்கும் பிறந்த அநாதை. பள்ளியை விட்டுப் போகும்போது கையில் கொடுத்த டாக்டர் ஜான்சனின் அகராதியை வண்டி ஜன்னல் வழியாகத் திருப்பி எறிகிறாள். அந்த ஒரு வீச்சில் வாசகரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். பெக்கிக்குக் கொடுக்க எதுவுமில்லை, பொய்யையும் பாட்டையும் தவிர. வருடத்துக்கு ஐயாயிரம் பவுண்ட் இருந்தால் நானும் நல்லவளாக இருக்க முடியும் என்று அவள் நினைத்துக்கொள்ளும் இடத்தில், இருக்கலாம் என்று தாக்கரேயும் தலையசைக்கிறார். லிஸியிடம் நாலாயிரம் இருக்கிறது. நல்லவளாவதற்கான விலையில் ஐந்தில் நான்கு பங்கு கையில் வந்துவிட்டது! வயிற்றுக்காகச் சொல்லும் பொய்யை வாசகர் மன்னிக்கும் கணக்கு ஒன்று. தேவையில்லாமல் சொல்லும் பொய்க்கு அவர் போடும் கணக்கு வேறு.

ஆனால் பெக்கியும் ஒரு கட்டத்தில் பரிவை இழக்கிறாள். அது தானாக நடப்பதல்ல; தாக்கரே செய்வது. ஸ்டெய்ன் பிரபுவுக்காக அவள் பாடிக்கொண்டிருக்கும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று தன் அம்மாவின் குரலை மயங்கிக் கேட்டுக்கொண்டிருக்கும் சின்ன மகனின் காதில் இரண்டு அறை விடுகிறாள். எத்தனை பேரை ஏமாற்றினாலும் சிரித்துக்கொண்டிருந்த வாசகர் அந்த அறையில் முகம் சுளிக்கிறார். விக்டோரியா கால நாவலாசிரியர்களுக்குக் குழந்தை என்பது கையருகே இருந்த கருவி. பெண் பாத்திரத்தின் மீது வாசகருக்கு இருக்கும் பிடிப்பைத் தளர்த்த வேண்டுமானால், அவளைக் குழந்தையிடம் பாராமுகமாகக் காட்டினால் போதும். பிறகு பெக்கி தன் ஏழைத் தோழி பிரிக்ஸின் சேமிப்பைத் தின்கிறாள். கடைசியில் அவள் வலையில் விழுந்த ஜாஸ் செட்லி இறந்து, அவனுடைய ஆயுள் காப்பீட்டுப் பணம் அவளுக்கு வருகிறது. அவள் கொன்றாளா என்று தாக்கரே சொல்வதில்லை. அவளுடைய வக்கீல்களுக்கு பர்க், தர்ட்டெல், ஹேஸ் என்று பெயர் வைக்கிறார். மூன்றும் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் தூக்கிலோ தீயிலோ முடிந்த கொலைகாரர்களின் பெயர்கள். பத்திரிகை படித்தவர்களுக்குப் புரிந்திருக்கும். கடற்கன்னியின் உடலில் தண்ணீருக்கு மேலே தெரிவதை மட்டும்தானே காட்டினேன் என்று கண்ணியமானவரைப் போல் கைகழுவிக்கொள்ளும் அவரது சாமர்த்தியம் எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். சந்தேகத்தை மட்டும் விட்டுவிட்டு ஆதாரத்தைத் தராதது, பெக்கிக்கு அவள் செய்தவற்றில் எதையும்விடப் பெரிய அநீதி.

அந்தச் சந்தேகத்தின் நிழலே பெக்கியைக் காப்பாற்றவும் செய்கிறது. வாசகருக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவளிடம் மிச்சமிருக்கிறது. அதனால்தான் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவளுக்கு வக்காலத்து வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். லிஸிக்கு அந்த வசதியில்லை. 1857இல் வந்த ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலில், கதாநாயகி இன்ன இருவரையும் மணக்கமாட்டாள், பயப்படாதீர்கள் என்று பாதி வழியிலேயே சொல்லிவிட்ட மனிதர் ட்ரோலப். எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் நடுவே ஒளிவுமறைவு கூடாது என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையைப் பொய் சொல்லும் பெண் ஒருத்தியின் கதையில் கடைப்பிடித்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு பொய்யும் நம் கண் முன்னாலேயே பிறக்கிறது. எந்தப் பொய்யும் நம்மை ஏமாற்றுவதில்லை. ஏமாறாதவனுக்கு ஏமாற்றுகிறவளின் திறமை மீது மரியாதை வருவதில்லை.

இருந்தாலும் இதையும் முக்கியக் காரணமாக நான் சொல்லமாட்டேன். போர்ட்ரே கோட்டையில் ஒரு கோடைப் பகல். லிஸி ஷெல்லியின் கவிதைப் புத்தகத்தோடு கடலைப் பார்த்த பாறைப் பக்கம் போகிறாள். ‘குயீன் மாப்’ படிக்க உத்தேசம். வெயில் உறைக்கிறது. பாறை உட்கார வாகாக இல்லை. முதல் சில வரிகளைப் படிக்கிறாள், மனப்பாடம் செய்கிறாள், அவற்றின் அழகில் கரைந்துவிட்டதாகத் தன்னையே நம்பவைக்கிறாள். யாரிடமாவது பிறகு சொல்லிக்காட்ட அந்தச் சில வரிகள் போதும். முழுக் கவிதையையும் படித்துவிட்டதாக அவள் நினைவு தானே முடிவுசெய்துகொள்கிறது. அங்கே யாரும் இல்லை என்பதுதான் இந்தக் காட்சியின் சூட்சுமம். பார்க்க ஒரு ஆளும் இல்லாத இடத்தில் அவள் நடிக்கிறாள், தனக்கே நடித்துக்காட்டுகிறாள். பைரனின் ‘கோர்சேர்’ படித்த நாளிலிருந்து, தன்னை அடிமைகொள்ளும் கடற்கொள்ளைக்காரன் ஒருவன் வருவான் என்று ஏங்குகிறாள். கரடுமுரடாகப் பேசும் ஜார்ஜ் பிரபுவைக் கண்டதும் இவன்தான் அவன் என்று தீர்மானிக்கிறாள். அவரோ கடனில் இருக்கும் சாதாரண மனிதர்.

பெக்கி ஒருபோதும் இப்படித் தன்னை ஏமாற்றிக்கொள்ள மாட்டாள். ஏற்கெனவே ரகசியமாக மணம் முடித்திருக்கும் நேரத்தில் கிழவர் சர் பிட் முழந்தாளிட்டு மணக்கக் கேட்கும்போது, கைநழுவிய பணத்தை எண்ணி உண்மையாகவே கண்ணீர் விடுகிறாள். எதற்காக அழுகிறோம் என்று அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அவள் பொய்க்கு அடியில் ஒரு நிஜமான பெக்கி உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசகர் சிநேகம் கொள்வது அவளோடு. லிஸியின் பொய்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால் அடியில் உட்கார்ந்திருக்கும் ஆள் கிடைப்பதில்லை. பரிவு கொள்ள எதிரே ஒருவர் வேண்டும். என் பார்வையில் லிஸி நம் பரிவை இழப்பது இங்கேதான். குற்றத்தின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதற்கு மறுபக்கச் சான்று ட்ரோலப்பிடமே இருக்கிறது. ‘ஆர்லி ஃபார்ம்’ 1861 மார்ச் முதல் 1862 அக்டோபர் வரை மாதப் பகுதிகளாக வந்தது. அதில் வரும் லேடி மேசன், கைக்குழந்தையான தன் மகனுக்கு ஒரு பண்ணையாவது கிடைக்கட்டும் என்று இறக்கும் தறுவாயில் இருந்த கணவரின் உயிலோடு ஒரு பொய்த் துணை உயிலைச் சேர்த்தவள். கள்ளக் கையெழுத்து, பொய்ச் சாட்சியம், இருபது ஆண்டு மௌனம். கார்லைல் விடுதியில் நடந்ததைவிட இது எத்தனையோ மடங்கு பெரிய குற்றம். வழக்கு மறுபடி கிளம்பும்போது, அவள் நிரபராதி என்று நம்பும் சர் பெரிக்ரின் ஆர்ம் என்ற முதியவர் தன் பெயரையே அவளுக்குக் கேடயமாகக் கொடுக்க, அவளை மணக்க முன்வருகிறார். அவள் சம்மதித்துப் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அவர் காலடியில் விழுந்து, அதைச் செய்தது நான்தான் என்கிறாள்.

இந்த வாக்குமூலம் நாவலின் நடுவிலேயே வந்துவிட்டதால் கதைப்பின்னல் பாதியிலேயே அவிழ்ந்துவிட்டது என்று சுயசரிதையில் ட்ரோலப் குறைபட்டுக்கொள்கிறார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. வாக்குமூலத்துக்குப் பிறகுதான் வாசகர் அவளோடு நீதிமன்றத்துக்குப் போகிறார். குற்றவாளி என்று தெரிந்தே, விடுதலையாக வேண்டும் என்று விரும்புகிறார். நாவலின் முடிவில், உலகத்தின் பரிவுக்கு அப்பால் போய்விட்ட ஒருத்திக்காக உங்கள் பரிவைக் கேட்டதற்கு மன்னியுங்கள் என்று ட்ரோலப் வாசகரிடம் சொல்கிறார். சொல்லிக்கொண்டே வந்ததில் தானே அவளை மன்னித்துவிட்டதாகவும் ஒப்புக்கொள்கிறார். லிஸிக்காக அவர் இப்படி ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. லேடி மேசன் தன் பொய்யைத் தினமும் சுமந்து நடக்கிறாள். அது அவள் உடம்பில், நடையில், தூக்கத்தில் தெரிகிறது. லிஸியும் பின்னால் வாக்குமூலம் கொடுக்கிறாள், மேஜர் மக்கிண்டாஷ் என்ற போலீஸ் அதிகாரியிடம். அப்போதும் அவர் தன்னை ரசிக்கிறாரா என்று ஒரு கண் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

வில்கி காலின்ஸின் ‘ஆர்மடேல்’ (1864-66) நாவலின் லிடியா குவில்ட் இன்னொரு சான்று. நஞ்சு, மோசடி, ஆள்மாறாட்டம் எதற்கும் அஞ்சாதவள். ஆனால் காலின்ஸ் அவள் கையில் ஒரு நாட்குறிப்பைக் கொடுத்துவிட்டார். அதில் அவள் தன்னிடம் பொய் சொல்வதில்லை. நஞ்சு கலக்கத் துணிந்தவளின் தன்மையிலேயே எழுதப்பட்ட பக்கங்களைப் படித்தவர்களால் அவளை முழுசாக வெறுக்க முடியாது. லிஸியிடம் ஒரு நாட்குறிப்பைக் கொடுத்திருந்தால் அதிலும் ஷெல்லிதான் இருந்திருப்பார்.

சரி, அவளைச் சுற்றியுள்ளவர்கள் என்ன யோக்கியம்? ஃபான் பிரபு இந்தியா ஆபீஸில் துணைச் செயலர். பிரபு பட்டம் உண்டு, பணம் இல்லை, கல்யாணமாகாத சகோதரிகள் ஏராளம். லிஸியின் நாலாயிரத்தைப் பார்த்து மணக்கக் கேட்கிறார். வைர வழக்கு வந்ததும் பின்வாங்க வழி தேடுகிறார். மைகாப் நாட்டுச் சவாப் என்று ட்ரோலப் கிண்டலாகப் பெயர் வைத்த இந்திய மன்னன் ஒருவனின் முறையீட்டை நாடாளுமன்றத்தில் நசுக்குவதுதான் அவருடைய அலுவலகக் கவலை. அந்த மன்னனுக்கு நீதி கிடைத்ததா என்று நாவலில் யாரும் கவலைப்படுவதில்லை. லிஸியின் நகையைப் பற்றி நானூறு பக்கம் தர்க்கம் நடக்கும் ஊரில் ஒரு நாட்டின் உரிமை விருந்து மேஜைப் பேச்சாகத் தேய்ந்துபோகிறது. ஃபிராங்க் கிரேஸ்டாக் லிஸியின் ஒன்றுவிட்ட சகோதரன், வக்கீல், நாடாளுமன்ற உறுப்பினர். லூசி மாரிஸ் என்ற கவர்னஸுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு லிஸியின் கைகளைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஊசலாடுகிறான். அவனை ட்ரோலப் வைவதில்லை. ஆண்கள் இப்படித்தான் என்று பெருமூச்சு விடுகிறார். பணத்தை முன்னிட்டுக் காதலைக் கணக்குப் போடும் ஆண் பலவீனன். அதையே செய்யும் பெண் பொய்க்காரி. இந்த ஓரவஞ்சனையைக் கதைசொல்லி ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் கதை அதை ஒளித்துவைக்கவும் இல்லை.

லூசிண்டா ரோனோக்கின் கதை இன்னும் கடுமையானது. லண்டனில் லிஸி தங்கியிருக்கும் வீட்டுக்காரி மிஸஸ் கார்பங்கிளுக்கு மருமகள் முறை. பணமில்லாத அழகி. சர் கிரிஃபின் டியூவெட் என்ற முரடனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். அவன் தொட்டாலே அவளுக்கு அருவருப்பு. லூசிண்டாவுக்கு நடிக்கத் தெரியாது, அதுதான் அவள் வினை. கல்யாண நாள் காலையில் புத்தி பேதலித்துப்போகிறது. நடிக்கத் தெரிந்த லிஸி பிழைக்கிறாள், தெரியாதவள் பைத்தியமாகிறாள். இரண்டும் ஒரே வீட்டுக் கூரையின் கீழ் நடக்கின்றன. லிஸியின் பொய்யைக் கண்டிக்கும் கதைசொல்லி, பொய் சொல்லாத பெண்ணுக்கு அந்த உலகம் என்ன செய்யும் என்பதையும் பக்கத்து அறையிலேயே காட்டுகிறார். அவர் உணர்ந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை.

லண்டனில் அந்த வீட்டிலிருந்துதான் வைரங்கள் இரண்டாம் முறை, இம்முறை நிஜமாகவே, திருடு போகின்றன. வேலைக்காரி பேஷன்ஸ் கிராப்ஸ்டிக் கூட்டாளி. திருட்டு நடக்கும் நேரத்தில் இவர்கள் நாடகம் பார்க்கப் போயிருக்கிறார்கள். பார்க்கும் நாடகத்தின் பெயர் ‘தி நோபிள் ஜில்ட்’. அது 1850இல் ட்ரோலப்பே எழுதி, மேடையேற்றத் தகுதியில்லை என்று நிராகரிக்கப்பட்ட நாடகம். இருபது ஆண்டு கழித்துத் தன் தோல்வியைத் தானே மேடையேற்றிப் பார்த்துக்கொள்கிறார். பொய்க்காரிகளைப் பற்றி எழுதுகிறவனுக்கும் சின்னச் சின்னக் குறும்புகள் உண்டு.

ஊருக்குள் லிஸி கட்சி, எதிர்க்கட்சி என்று பிரிவு உண்டாகிறது. ஃபான் பிரபு லிபரல் என்பதால் கன்சர்வேடிவ் வீடுகளில் லிஸி துன்புறுத்தப்பட்ட விதவையாகிறாள். பரிவு என்பது உள்ளத்திலிருந்து ஊறுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே அது ஓட்டுப்பட்டியலைப் பார்த்து ஊறுகிறது. பெரிய இடத்துச் சீமாட்டியான லேடி கிளென்கோராவும் அவளைத் தேடிப்போய்ப் பார்க்கிறாள். கடைசி அத்தியாயத்தில் கிளென்கோராவின் மேட்சிங் மாளிகையில் பெரிய மனிதர்கள் கூடி லிஸியின் கதையைச் சுவைத்துப் பேசுகிறார்கள். சாகக்கிடக்கும் ஆம்னியம் டியூக்குக்கு அந்தக் கதைதான் பொழுதுபோக்கு. இருபது மாதம் இதழை எதிர்பார்த்துக் காத்திருந்த வாசகருக்கும் அவருக்கும் அதிக வித்தியாசம் இல்லை. பரிவு போய்விட்டாலும் ஆவல் போகவில்லை. இந்த நாவல் வென்றது காதல் கதையாக அல்ல, தந்திரக்காரி ஒருத்தியின் சாகசங்களாகத்தான் என்று ட்ரோலப்பும் எழுதிவைத்திருக்கிறார். லஞ்சமாக நீட்டிய விலையுயர்ந்த ப்ரூச்சை மறுத்த, ஃபான் பிரபுவின் முகத்துக்கு நேரே நீங்கள் சொல்வது உண்மையில்லை என்று சொன்ன லூசி மாரிஸ் அத்தனை பரிவையும் பெறுகிறாள். அவள் வரும் அத்தியாயங்களை வேகமாகப் புரட்டாத வாசகர் யாரும் இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

லிஸி மீது பொய்ச் சத்தியத்துக்காக வழக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி நீதிமன்றத்துக்குப் போகாமலே தப்பிக்கிறாள். ஃபான், ஃபிராங்க், ஜார்ஜ் மூவரும் நழுவிப்போன பிறகு மிச்சமிருப்பவர் எமிலியஸ் என்ற போதகர். வழவழப்பான பேச்சு, எங்கிருந்து வந்தவர் என்று தெரியாத பூர்வீகம். அவரை மணக்கிறாள். இதுதான் ட்ரோலப் அவளுக்குக் கொடுக்கும் தண்டனை. எமிலியஸ் மதம் மாறிய யூதர் என்ற பேச்சை நாவல் திரும்பத் திரும்பக் கிளப்புகிறது. லிஸியின் வீழ்ச்சியைக் காட்ட ஓர் அந்நியனின் ரத்தத்தை அளவுகோலாக்குவது அன்றைய வாசகருக்கு உறுத்தியிருக்காது. இன்று அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது வாசகரின் பரிவை இழப்பது ட்ரோலப்தான்.

லிஸியை அவர் அதோடு விட்டுவிடவும் இல்லை. ‘ஃபினியஸ் ரீடக்ஸ்’ நாவலில் எமிலியஸுக்கு ஏற்கெனவே பிராக் நகரில் ஒரு மனைவி இருப்பது தெரியவந்து அந்தக் கல்யாணம் செல்லாமல் போகிறது. 1875-76இல் வந்த ‘தி பிரைம் மினிஸ்டர்’ நாவலில் அவள் மறுபடி எட்டிப்பார்க்கிறாள். ஃபெர்டினாண்ட் லோபஸ் என்ற சூதாடி வியாபாரி, சொந்த மனைவியை விட்டுவிட்டு, லிஸியின் பணத்தையும் அவளையும் சேர்த்துக் குவாத்தமாலாவுக்குக் கூட்டிக்கொண்டு ஓடத் திட்டமிடுகிறான். காதல், கடல், தூரதேசம் என்று எல்லாம் இருக்கிறது; பைரன் படித்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான கொள்ளைக்காரன் கிடைக்கமாட்டான். லிஸி அவனை ஏறிட்டுப் பார்த்து, நீ ஒரு முட்டாள் என்று தோன்றுகிறது என்கிறாள். நடிப்பில்லாத, கவிதையில்லாத, கணக்குச் சரியாக இருக்கும் வாக்கியம். இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக வாசகர் அவள் பக்கம் நின்று சிரிக்கிறார். அவளுக்கு அந்த நாவலில் அதற்குமேல் சொல்லிக்கொள்ளும்படி வேலை எதுவும் தரப்படவில்லை.